எதிரே நிற்க ஓர் ஆள்

மேல் டிவிஷன் லைன்,
கோலா தெர்லா சாலை, கேமரன் மலை.
4-3-1951

அன்புள்ள அம்மாக்கண்ணு அக்காவுக்கு, தம்பி செல்லையா எழுதுவது. இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மச்சானும் குழந்தை ஜெயாவும் சுகமா?

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். நீ திட்டுவாய், திட்டு. மச்சானை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த மறுநாளே சொல்லாமல் கிளம்பிவிட்டேன். தாப்பாவில் ஒரு லாரிக்காரர் மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். ஏறிவிட்டேன். இப்போது ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மிஷினில் வேலை. லைனில் கடைசி அறை எனக்கு. பக்கத்து அறை காலி.

மலைக்கு வரும் லாரிகள் எல்லாம் முன்னும் பின்னும் ராணுவ வண்டியோடுதான் வருகின்றன. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்கள் எந்த வளைவில் சுடுவார்கள் என்று தெரியாதாம். மாலை ஆறு மணிக்குமேல் லைனை விட்டு வெளியே போகக்கூடாது. உங்கள் ரப்பர் தோட்டத்திலும் அப்படித்தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சமதரையில் கம்பு சுற்றுகிறேன். இங்கே சிலம்பம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு கட்டையை நட்டு அதை அடிக்கிறேன். அது நகர்வதும் இல்லை, ஏமாற்றுவதும் இல்லை. ஒன்பது வருடம் மச்சானோடு ஆடிய கைக்கு அது போதவில்லை.

மச்சானின் கண் எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்தார்களா? டாக்டர் என்ன சொன்னார்? அதை மட்டும் கட்டாயம் எழுது.

தம்பி,
செல்லையா


பீடோர்
29-3-1951

தம்பி செல்லையாவுக்கு அக்காள் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ உயிரோடு இருப்பதே உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜெயாவுக்கு மேல்பல் இரண்டு முளைத்துவிட்டது. எதிர் லைன் சரோஜாவுக்கு ஆண் குழந்தை. போன வாரம் ஆட்களை எல்லாம் திடலில் நிறுத்தி அடையாளக் கார்டு பார்த்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகக்கூடாது என்று உத்தரவு. காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். மதியம்வரை வெறும் வயிறுதான்.

கருவாட்டுக்கு நல்ல வெயில் அடிக்கிறது. அங்கே குளிர் என்கிறாய், கம்பளி வாங்கினாயா? தலைக்கு எண்ணெய் வை. வயிற்றைக் காயப்போடாதே.

மச்சான் இருக்கிறார்.

அக்காள்,
அம்மாக்கண்ணு


மேல் டிவிஷன்
22-4-1951

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. ஜெயாவின் பல்லைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பளி வாங்கிவிட்டேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு செய்தி. எதிரே நிற்க ஆள் கிடைத்துவிட்டது. தோட்டத்துக்குக் காவலாக ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் கமருஸ்ஸமான். அப்பா தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நம் தமிழ் முஸ்லிம், அம்மா மலாய்க்காரர். ஒருநாள் ரோந்து வந்தவர் நான் கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டார். கம்பு வைத்திருந்ததற்குப் பிடிக்கப்போகிறார் என்று பயந்தேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"கட்டைய எத்தன நாளைக்குய்யா அடிப்ப? என்னை அடிலா" என்றார்.

அவருக்குத் தாய்மாமன்வழி சீலாட் தெரியும். அது வெறுங்கை ஆட்டம். கேம்ப்பில் எல்லோரும் சீட்டு ஆடுகிறார்கள், கூட ஆட ஒருவர் இல்லை என்றார். டியூட்டி இல்லாத ஞாயிறன்று சாரம் கட்டிக்கொண்டு வந்தார். வெறுங்கையும் கம்பும் எப்படி ஆடுவது? உட்கார்ந்து பேசினோம். கழுத்துக்கு மேலே அடி கிடையாது. யாராவது "சுக்கூப்" என்றால் அந்த இடத்திலேயே கை நிற்க வேண்டும். இந்த இரண்டையும் நான்தான் கேட்டேன்.

முதல் ஆட்டத்தில் என் வீச்சு அவரைக் கிட்டே விடவில்லை. இரண்டாவதில் தரையோடு தரையாகக் குனிந்தார். கம்பு தலைக்குமேல் போனதும் என் மார்புக்கு நேராக நிற்கிறார். நுனியில்தான் கம்புக்குப் பலம். உள்ளே வந்துவிட்டால் கையில் இருப்பது விறகுதான். காலைத் தட்டினார், மல்லாந்து விழுந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகப் பசித்தது.

மச்சானின் கண்ணைப் பற்றி எழுது, அக்கா.

தம்பி,
செல்லையா


மேல் டிவிஷன்
17-6-1951

அக்காவுக்கு, அனைவரும் சுகம் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் லாரி வரும் நாளெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். "உனக்கு இல்லப்பா" என்று அவர் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுகிறார்.

வேறு எதை எழுத? ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கோலா தெர்லாவில் லியூ என்று ஒரு சீனர் கோஸ் தோட்டம் போட்டிருக்கிறார். நாற்பது வயது இருக்கும், தனி ஆள். ஞாயிறுதோறும் இரண்டு கூடைக் காய்கறியைத் தோள்கம்பில் மாட்டிக்கொண்டு லைனுக்கு வருவார். ஒருநாள் லாரி மேலிருந்து ஒரு பலகை சரிந்து அவர்மேல் விழப்போனது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அக்கா. தோள்கம்பின் நுனியால் ஒரு திருகு. பலகை அவருக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு என் கம்பை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். என்னையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். கூடைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள்கம்போடு நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது பத்துப் பதினைந்து மலாய்ச் சொல்தான். அவர் அதிகம் சொல்வது "லாகி". இன்னும் ஒருமுறை என்று பொருள். என்னை அடிப்பார், "லாகி" என்பார்.

நம்மைப்போல் அவர் கம்பைச் சுற்றுவதில்லை. சின்னதாக, குத்துவதுபோல் நேரே வருகிறது. போன வாரம் இடது தோளில் ஒன்று, இடது விலாவில் ஒன்று வாங்கினேன். இன்றும் இடது கையில், முழங்கைக்கு மேலே. அது மட்டும் வீங்கியிருக்கிறது. கமருஸ்ஸமானும் வருகிறார். மூவரும் மாறி மாறி ஆடுகிறோம். வேலி கேட்டை மூடிவிடுவார்கள் என்று லியூ நான்கு மணிக்கே போய்விடுகிறார். காட்டுக்காரர்களுக்கு உதவுவார்கள் என்று சீனர்கள் எல்லோரையும் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்துவிட்டார்களே.

இருவரும் போனபிறகு மூடுபனி இறங்கும். அறைக்கு வந்து சோறு பொங்குவேன். ஏதாவது எழுது, அக்கா. கெட்ட செய்தியானாலும் சரி.

தம்பி,
செல்லையா


பீடோர்
8-7-1951

தம்பிக்கு அக்காள் எழுதுவது. ஜெயாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். இடது கண் போய்விட்டது. கட்டு அவிழ்த்தபோது வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனார். ஒற்றைக் கண்ணுக்குப் பட்டையின் ஆழம் பிடிபடவில்லை, கத்தி உள்ளே இறங்கி மரம் காயப்படுகிறது என்று கங்காணி புல் வெட்டப் போட்டுவிட்டார். இதை எப்படி எழுதுவது என்றுதான் எழுதாமல் இருந்தேன். நீ போன நாளிலிருந்து உன் பெயரை அவர் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

உன் கடிதத்தை நான் ஜெயாவுக்குச் சத்தமாகத்தான் படிப்பேன். அவளுக்கு என்ன புரியும்? வீட்டில் இன்னொருவர் காதில் விழட்டும் என்றுதான். இந்த முறை அவர் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். சீனர் அடித்த இடம் வந்ததும் தீட்டுகிற சத்தம் நின்றது.

"அத இன்னொருவாட்டி படி" என்றார்.

படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கொசுவலைக் கம்பை உருவிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். ஒன்பது மாதத்தில் அவர் கம்பைத் தொட்டது அன்றுதான். இப்படியும் அப்படியும் காலை மாற்றி வைத்துப் பார்த்தார்.

"நேரா வர்ற குத்து. தோளு, வெலா, கை. மூணும் எடப்பக்கம். ஒம்போது வருசம் அவனுக்கு எதிர்ல நின்னிருக்கேன், அத விடுற ஆளில்ல அவன்" என்றார். கம்பைக் கீழே இறக்கிவிட்டு, "உன் தம்பி எடது கண்ணக் கட்டிக்கிட்டு ஆடுறான்" என்றார்.

உண்மையா, தம்பி?

அக்காள்,
அம்மாக்கண்ணு


மேல் டிவிஷன்
25-7-1951

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். ஜெயாவுக்குக் காய்ச்சல் முழுதும் விட்டதா?

உண்மைதான். முதல் நாளிலிருந்து கைக்குட்டையால் கட்டிக்கொண்டுதான் ஆடுகிறேன். கண்வலி என்று கமருஸ்ஸமானிடம் சொன்னேன். "மூணு மாசமா ஒரே கண்ணுக்கு என்ன வலிலா?" என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை. லியூ ஒருநாளும் கேட்டதில்லை.

மச்சானுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்போல் இருந்தது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை மச்சானுக்குப் படித்துக் காட்டு. வேண்டாம் என்று நினைத்தால் அடுப்பில் போடு. ஆஸ்பத்திரியில் நான், கை நழுவிக் கம்பு மச்சானின் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். நழுவவில்லை. கோயில் திடலில் அத்தனை பேர் கை தட்டினார்கள். மச்சானின் கம்பு ஒரு நொடி இறங்கியதைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்த நேரம் இருந்தது. அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. வீசிவிட்டேன்.

அது தெரிந்துதான் ஓடினேன்.

செல்லையா


பீடோர்
19-8-1951

தம்பிக்கு, ஜெயா சுகம், நடக்கிறாள். நாங்களும் சுகம். உன் வீக்கம் வடிந்ததா?

படித்துக் காட்டினேன். நான் அழுதேன். அவர் அழவில்லை. வெற்றிலை போட்டு முடித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்னு எழுது. அவன் கண்ணத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆட்டம்னா அடிக்கத்தான் செய்வான். அடிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்காம ஓடுனான் பாரு, அதுதான் எனக்கு ஆறல. கட்டு அவுக்குற அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன், வருவான்னு. இப்ப என்னத்துக்குத் துணியக் கட்டிக்கிட்டு ஆடுறானாம்? அவுக்கச் சொல்லு. ஒரு குடும்பத்துக்கு ஒத்தக் கண்ணன் ஒருத்தன் போதும்."

அன்று மாலையே தாளும் பென்சிலும் கேட்டார். அவருக்கு எழுதத் தெரியாதே, படம் போட்டார். லியூவின் குத்தையும் கமருஸ்ஸமான் உள்ளே வருவதையும் எப்படித் தடுப்பது என்று அதில் இருக்கிறதாம். வட்டம் எல்லாம் கால். கோடு கம்பு போகும் வழி. எண்களை அவர் சொல்ல நான் போட்டேன். மூன்று நாள் போட்டார், நான்கு தாள் கிழித்தார். "மொதல்ல சீனன்கிட்ட ஆடிப் பாக்கச் சொல்லு. எந்த எடத்துல ஒதைக்குதுன்னு எழுதச் சொல்லு" என்கிறார்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது, தம்பி. தபால்காரர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே புல் வெட்டுகிறாராம், சரோஜா சொல்லிச் சிரிக்கிறாள்.

அக்காள்,
அம்மாக்கண்ணு


பீடோர்
14-10-1951

தம்பி, எப்படி இருக்கிறாய்? இரண்டு மாதமாகிறது. படம் வந்ததா?

போன மாதம் போலீஸார் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். உன் மச்சான் பெயரைச் சொல்லி, மாடசாமி யார், படம் போட்டது யார், யார் போடச் சொன்னது என்று கேட்டார்கள். அவர் முற்றத்தில் நின்று காலை வைத்து வைத்துக் காட்டினார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று எழுது.

அக்காள்


மேல் டிவிஷன்
11-11-1951

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நீ ஆகஸ்டில் அனுப்பிய கடிதத்தை முதலில் நான் பார்த்தது போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல். செப்டம்பர் இரண்டாம் வாரம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைத்துப் போனார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். மொழிபெயர்க்க ஒரு தமிழர், சுப்பிரமணியம் என்று பெயர். மச்சானின் படம் விரித்து வைத்திருந்தது.

"இந்த வட்டமெல்லாம் யார் வீடு?" என்றார்.

"வீடு இல்லீங்க. காலு" என்றேன்.

சுப்பிரமணியம் அதைச் சொல்லவே தயங்கினார். கோடுகள் காட்டுப்பாதை என்றும், எண்கள் மணியோ ஆள் கணக்கோ என்றும் அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். முதலில் சீனனிடம் என்று நீ எழுதியது ஏன் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல நம்பவில்லை. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

பன்னிரண்டாம் நாள் கமருஸ்ஸமான் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்தார். இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் வைத்துவிட்டு, "சார், அதுல ரெண்டாவது ஆளு நான்தான். இவன்கூடவும் சீனர்கூடவும் நானும் ஆடியிருக்கேன்" என்று சொன்னார். வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும், அக்கா.

அப்படியானால் ஆடிக் காட்டுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தினார்கள். என் கையில் கொடிக்கம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். சுப்பிரமணியம் படத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஒன்று, இடது கால் பின்னே. இரண்டு, உடம்பைத் திருப்பு. கமருஸ்ஸமான் அவர் வழக்கப்படி குனிந்து உள்ளே வந்தார். மச்சானின் படம் எனக்கு மனப்பாடம் இல்லை. சுப்பிரமணியம் சொன்ன இடத்தில் காலை வைத்தேன், அவ்வளவுதான். ஆறு என்றபோது கம்பு தானாகச் சிறியதாகி என் உடம்போடு வந்துவிட்டது. ஏழு என்றதும் அதன் அடிமுனை அவர் மார்புக்கு ஒரு விரல் முன்னால் போய் நின்றது. "சுக்கூப்" என்றார். நின்றேன்.

ஐந்து மாதமாக அவரை என்னால் நிறுத்த முடிந்ததில்லை. மச்சான் பார்க்காமலே, கடிதத்தை வைத்தே நிறுத்திவிட்டார்.

கமருஸ்ஸமான் சிரித்துவிட்டார். "உன் மச்சான்கிட்ட நான் ஆடணும்லா" என்றார். இன்ஸ்பெக்டர் படத்தை வாங்கி வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் போகச் சொன்னார். படத்தைக் கொடுக்கவில்லை.

லியூவும் அதே ஸ்டேஷனில்தான் இருந்தார். அதை அன்றைக்குத்தான் சொன்னார்கள். என்னைப் பிடித்த மறுநாளே அவரையும் பிடித்திருக்கிறார்கள். அவரும் ஆட்டத்துக்குத்தான் வந்தார், வேறொன்றும் இல்லை என்று கெஞ்சினேன். "அவன் விஷயம் வேற" என்று பதில் வந்தது. அவருடைய தம்பி ஒருவர் காட்டில் இருக்கிறாராம். எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு இருந்தது பதினைந்து சொல். லியூவைக் கைதிகள் கேம்ப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து கப்பலில் சீனாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கமருஸ்ஸமான் சொன்னார். லியூ பிறந்தது இங்கே கம்பாரில், அக்கா. சீனாவைப் பார்த்தது கூட இல்லை.

லியூவின் தம்பி காட்டில் இருப்பது எப்படியும் ஒருநாள் தெரிந்திருக்கும் என்றார் கமருஸ்ஸமான். இருக்கலாம். ஆனால் லியூவின் பெயரையும் ஊரையும் தாளில் எழுதியது நான். பேச ஆளில்லாமல் எழுதினேன். ஞாயிறு அவருடைய கோஸ் பாத்தியைப் போய்ப் பார்த்தேன். வேறு யாரோ வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கமருஸ்ஸமானுக்கு வேலை போகவில்லை. குவாந்தான் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று கேட் வழியாகக் கை கொடுத்தார்.

அதனால்தான் எழுதவில்லை. யாரைப் பற்றியும் எழுதப் பயமாக இருந்தது. இப்போது எழுதுவதற்கு யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

செல்லையா


பீடோர்
20-12-1951

தம்பிக்கு, நாங்கள் சுகம். உன் கடிதத்தை அவர் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் வைத்திருந்தார். அந்தச் சீனருக்காகக் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன்.

மறுநாள் கிராணியிடம் போய் மலைக்குப் போக அனுமதிக் கடிதம் கேட்டிருக்கிறார். எதற்கு என்று கிராணி கேட்டால், "மச்சினனப் பாக்க" என்றாராம். ஒரு வருடத்தில் அவர் வாயால் உன்னைச் சொந்தம் சொன்னது அன்றுதான். கிராணி மூன்று முறை திருப்பி அனுப்பினார், நான்காம் முறை கொடுத்துவிட்டார். ஜனவரி பத்தாம் தேதி வியாழக்கிழமை தாப்பாவிலிருந்து ஏறுகிறார். கடைசி லாரியில் இருப்பார்.

தனியாக வருகிறார். இறங்கும்போது இடப்பக்கம் கை கொடு. நீ கொடுப்பதுபோல் அவருக்குத் தெரியக்கூடாது.

அக்காள்,
அம்மாக்கண்ணு


மேல் டிவிஷன்
13-1-1952

அன்புள்ள அக்காவுக்கு, மச்சான் நேற்றுக் காலை கிளம்பினார். இந்தக் கடிதம் வருவதற்குமுன் வந்து சேர்ந்திருப்பார். நான் சுகம். நீயும் ஜெயாவும் சுகமாகப் பொங்கல் கொண்டாடுங்கள்.

நீ கொடுத்துவிட்ட அதிரசத்தைச் சோதனைச் சாவடியில் வாங்கிக்கொண்டார்களாம். வெறுங்கையோடுதான் வந்தார். லாரியிலிருந்து இறங்கும்போது நீ சொன்னபடியே நின்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ஒரு வருடமாக நான் நினைத்துப் பயந்ததுபோல் இல்லை. கண் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னடா இப்படிக் குளுருது? இங்க எப்படி இருக்க?" என்றார்.

அன்று நான் சமைத்தேன், அவர் உப்பு இல்லை என்றார்.

மறுநாள் வேலை முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனோம். நுனியில் துணி சுற்றிக் கரியில் தோய்த்துக்கொண்டோம். கம்பு பட்டால் தடம் தெரியுமே, அதற்காக. அவர் ஆடத் தொடங்கினார். நானும் ஆடினேன். ஆனால் அவருடைய இடப்பக்கம் என் கை போகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் சட்டை முழுக்கக் கரி. அவர் சட்டையில் ஒன்றுமில்லை.

கம்பைத் தரையில் ஊன்றினார்.

"எடப்பக்கம் ஏன்டா வர மாட்டேங்குற? அங்க என்ன சாமியா நிக்குது?"

நான் கம்பின் நுனித் துணியை இறுக்கிக் கட்டினேன்.

"என்னைப் பாத்துப் பாவம்னு சொல்ல லைன்ல அறுவது வீடு இருக்கு. புல்லு வெட்டுற எடத்துலகூட எனக்கு வழி விட்டு நிக்கிறானுவ. அடிக்க ஒருத்தன் இல்லடா எனக்கு. அதுக்குத்தான் மல ஏறி வந்தேன்."

அடித்தேன், அக்கா. முதல் அடியைத் தடுத்தார். இரண்டாவதைத் தடுத்தார். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, என் காலைப் பார்த்திருப்பார். மூன்றாவது அவர் இடது கையில் பட்டது. குனிந்து கரித்தடத்தைப் பார்த்தார். சத்தமாகச் சிரித்தார். நான் கம்பைக் கீழே போட்டேன். உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்து எனக்குக் கொடுத்தார்.

லியூவைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சொன்னேன். "அது உன்கூடவேதான் இருக்கும். நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். மற்றவர்கள் எல்லாம் உன் தப்பில்லை என்றார்கள். அவர் அப்படிச் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இன்று ஞாயிறு. சமதரைக்குப் போனேன். கம்பை எடுத்துப்போகவில்லை. காய்கறி விற்க வேறொரு சீனப் பெண் வந்திருந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு அறைக்கு வந்தேன். பக்கத்து அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மச்சானின் சட்டைக் கையில் கரி ஒட்டியிருக்கும், துவைக்கும்போது வையாதே. துடைக்க ஈரத்துணி கொடுத்தேன், இருக்கட்டும் என்றுவிட்டார்.

எழுத விட்டுப்போனது ஒன்று. அவர் லாரியின் பின்புறம் ஏறி, ஓரமாக உட்கார்ந்தார். நான் நின்றது அவருக்குத் தெரியாத பக்கம். வண்டி கிளம்பியபோது கையை ஆட்டலாமா என்று யோசித்தேன், ஆட்டினாலும் அவருக்குத் தெரியாது. வளைவு வந்தது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கழுத்தை முழுவதும் திருப்ப வேண்டும், அக்கா.

திருப்பினார்.

தம்பி,
செல்லையா